வெளியே நின்ற கப்பல்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெரியின் மேல்தட்டு. நான் முதலில் பார்த்தது ஒரு கறுப்புக் குண்டு.

ஒரு பெரிய வெள்ளைக் கப்பலின் முன்பக்கக் கயிற்றில் பந்து போல அது மெதுவாக மேலே ஏறியது. அது உச்சிக்குப் போனதும், இரவெல்லாம் எரிந்திருக்க வேண்டிய விளக்கு ஒன்று அணைந்தது.

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"தம்பி, அதோ கப்பல்! இருக்குடா. இன்னும் போவல."

கப்பல் இருந்தது உண்மைதான். ஆனால் அது துறைமேடையில் இல்லை. கரையிலிருந்து வெகுதூரத்தில், நடுத் தண்ணீரில் நின்றது.

கறுப்புக் குண்டுக்கு என்ன பொருள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் ஐந்து நாளுக்கு முன் ஈப்போவில், அச்சுக்கூடத்தில், நானே வெட்டச் சொன்ன ஒரு வரி அந்த நிமிடம் முழுதாக நினைவுக்கு வந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. அவள் சேலைத் தலைப்பைக் காதோடு இழுத்துச் சுற்றிக்கொண்டு சிரித்த முகமாக நின்றாள். காற்றில் டீசல் வாசனை இருந்தது.

இந்தத் தொடரைப் படிக்கும் பத்து காஜா ஊர் வாசகர் ஒருவர் போன வாரம் எழுதிக் கேட்டிருந்தார்: "உங்கள் பத்திரிகையில் கப்பல் செய்தி என்று ஒரு பத்தி வருமே, அதைத் திடீரென்று வேறு யாரோ எழுத ஆரம்பித்தார்களே, ஏன்?" அவ்வளவு காலத்துக்கு முந்தைய மாற்றத்தைக் கவனித்து நினைவில் வைத்திருக்கிறார். அவருக்கான பதில்தான் இது.

சிவப்புக் கார்டு

அக்கா பெயர் பார்வதி. சுங்காய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினாள், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. நாங்கள் இருவரும் அந்தத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர்கள். நான் எப்படியோ படித்து ஈப்போவுக்கு வந்து பத்திரிகையில் சேர்ந்தேன். அவள் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்தாள்.

அவள் கணவர் வேலாயுதம். நான் மாமா என்று கூப்பிடுவேன். தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை. பாலை உறைய வைக்கும் எசிட்டின் புளிப்பு வாசனை அவர் சட்டையை விட்டுப் போகாது. தோளில் எப்போதும் நீலக் கோடு போட்ட துண்டு ஒன்று கிடக்கும். பேச்சுக் குறைவு. சிரித்தால் மட்டும் சத்தம் கேட்கும்.

மாமா எட்டு வயதில் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர். பிரஜாவுரிமைக்கு மனுப்போட வேண்டிய காலத்தில் யாரும் போடவில்லை. சித்தப்பா இறந்தார். மாமாவின் கையில் சிவப்பு அடையாளக் கார்டு தங்கிவிட்டது. பிரஜை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, அவருக்கு இரண்டு முறை கிடைத்தது. மூன்றாவது முறை கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு மூன்று குடும்பங்கள் இப்படித் தமிழ்நாட்டுக்குப் பெட்டி கட்டின. நான் அவற்றைச் செய்தியாக எழுதியிருக்கிறேன். என் வீட்டுக்கு வந்தபோது எழுதவில்லை.

அக்கா பிறப்பால் பிரஜை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. அப்போது யாரும் செய்வதில்லை.

சண்டை நடந்த அன்று நான் அங்கே இருந்தேன்.

"எனக்கு அங்க யாரைத் தெரியும்?" என்றாள் அக்கா. "அந்த ஊர் பேரைக்கூட நீங்க சொல்லித்தான் கேட்டிருக்கேன்."

"எனக்கு மட்டும் யாரைத் தெரியும்? எங்கம்மா மூஞ்சியே மறந்துபோச்சு."

"அப்பப் போவாதீங்க."

"போவாதன்னு நீ சொல்ற. போன்னு கார்டு சொல்லுது. நான் யாரு பேச்சக் கேக்கலாம், சொல்லு?"

"நான் வரமாட்டேன். முடிஞ்சுது."

மாமா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த நாள் ஒரு தகரப்பெட்டியோடு ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் இருந்த சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார். கப்பலுக்கு ஒரு மாதம் இருந்தது.

அந்த மாதத்தில் ஒருமுறை அவரை ஜெலாப்பாங் காப்பிக் கடையில் பார்த்தேன். காப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றினார். குடிக்கவில்லை.

"உங்கக்கா ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்ல மாமா."

"சொல்லமாட்டா லா. அவ அப்படித்தான்." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கப்பல் கெளம்புற வரைக்கும் நேரம் இருக்கு. வந்தா வரட்டும். வர்ற வழியத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன்" என்றார்.

அடியிலிருந்து வெட்டு

எங்கள் ஞாயிறு பதிப்பில் கப்பல் செய்தி என்னுடைய பத்தி. கப்பல் கம்பெனி ஏஜெண்டு அனுப்பும் ஆங்கில அறிவிப்பைத் தமிழில் போட வேண்டும். அதிகம் போனால் ஆறு வரி வரும். யாரும் பாராட்டாத வேலை. ஆனால் தோட்டங்களில் பலர் பத்திரிகை வாங்கியதே இதற்காகத்தான்.

அந்தச் சனிக்கிழமை பக்கம் முடிந்து, ஈய எழுத்துகளைச் சட்டத்தில் இறுக்கும் நேரத்தில் ஒரு கோயில் தீமிதி விளம்பரம் வந்தது. விளம்பரத்தைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. அச்சுக் கோக்கும் கோவிந்து அண்ணன், கையில் இடுக்கியோடு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வரி தூக்கணும் தம்பி. எதைத் தூக்க?"

"கப்பல்ல கடைசி ரெண்டு வரி."

"அதுல என்னமோ நேரம் போட்டிருக்கே?"

"கெளம்புற நேரம் மேலயே இருக்கு அண்ணே. போதும்."

எங்கள் தொழிலில் எதையும் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். முக்கியமானதை மேலே எழுது, வெட்டினாலும் நட்டமில்லாததைக் கீழே எழுது. அப்படித்தான் பழகியிருந்தேன். ஆனால் அந்த அறிவிப்பை எழுதியவன் கப்பல்காரன். அவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கப்பல் புறப்படும் என்பது மேலே இருந்தது. நான் வெட்டியது இது: புதன்கிழமை மாலை நான்கு மணிக்குக் கப்பல் துறைமேடையை விட்டு வெளியே போய் நங்கூரமிடும், வழியனுப்ப வருவோர் அதற்குள் வந்துவிட வேண்டும்.

கோவிந்து அண்ணன் அந்த எழுத்துகளைப் பிரித்து எழுத்துப்பெட்டியின் அறைகளில் திரும்பப் போட்டார். ஈயம் விழும் சத்தம் சின்ன மழை மாதிரி இருக்கும்.

புதன்கிழமை, நான்கு மணி

புதன்கிழமை நான்கு மணிக்கு அக்கா அச்சுக்கூட வாசலில் நின்றாள். காலை வெட்டை முடித்துவிட்டு, பஸ் பிடித்து வந்திருந்தாள். கோப்பெங்கில் பஸ் பழுதாகி ஒரு மணி நேரம் போய்விட்டதாம். நகக்கண்ணில் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது.

"என்னடா பாக்குற? நாளைக்கு லீவு கேட்டுட்டேன். ஆபீஸ் கிராணி மொறைச்சான். மொறைக்கட்டும்."

"எங்க போற?"

"பினாங்குக்கு. நீயும் வார."

இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்தாள். என் கப்பல் செய்தி. லயத்துச் சுவரிலிருந்து உரித்துக் கொண்டுவந்திருந்தாள். நான் எழுதியது என்று தெரிந்த எதையும் அக்கா கத்தரித்துச் சுவரில் ஒட்டிவிடுவாள். பசைக்குச் சோற்றுப் பருக்கைதான். காகிதத்தின் பின்பக்கம் காய்ந்த சோறு பொரிபொரியாக நின்றது. தோட்டப் பள்ளியில் நாலு வருஷம் படித்தவள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

"வியாழக்கிழமை எட்டு மணின்னு நீதான போட்டிருக்க. அதான் இன்னிக்கு வேலைய முடிச்சிட்டே வந்தேன். விடிகாலையில போனா போதும்ல?"

"போதும்" என்றேன்.

வெட்டிய வரி எனக்கு நினைவில் இல்லை. இடையில் நான்கு நாட்கள், நூற்றுக்கணக்கான வரிகள். அதற்கு முந்தைய கப்பல் துறைமேடையிலிருந்தே கிளம்பியதை நான் பார்த்திருந்தேன். ஆட்கள் கீழே நின்று பேச, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு பயணிகள் பதில் சொல்ல, கயிறு அவிழும் வரை பேச்சு நடந்தது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

"போயி என்ன சொல்லப்போற?"

அக்கா வாசலில் நின்ற சைக்கிளின் மணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாரேன்னு சொல்லணும். இப்ப இல்ல. பாஸ்போர்ட்டு எடுக்கணும், சீட்டு வாங்கணும். ஆறு மாசத்துல வாரேன். அத மட்டும் சொல்லணும்."

"லெட்டர் போடலாம்ல?"

"எந்த வீட்டுக்குடா போடுவ? அவரு அம்மா எந்தத் தெருவுல இருக்குன்னு அவருக்கே தெரியாது. ஜெலாப்பாங்குக்குப் போய்த்தான் வாரேன். நேத்தே பினாங்குக்குப் போயிட்டாராம், எங்க தங்கியிருக்காருன்னு சிநேகிதருக்கும் தெரியல. நான் முடிஞ்சுதுன்னு சொன்னதோட போறாரு. அந்தப் பேச்சோட கப்பல் ஏறக்கூடாது."

விடிவதற்கு முன் வாடகைக் காரில் புறப்பட்டோம். வழியில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கப்பலு பத்து காஜாவுல பாத்தமே, அந்த மாதிரி பெருசா இருக்குமா?"

சின்ன வயதில் பத்து காஜா பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது, ஈயம் தோண்டும் கப்பலைப் பார்த்திருக்கிறோம். தானே தோண்டிய குட்டையில் தானே மிதந்துகொண்டு, நாள் முழுக்கச் சங்கிலி வாளிகளால் சேறு அள்ளும். நான்கு பக்கமும் கரையில் கட்டிய கம்பிக் கயிறுகள். அதுவரை அக்கா பார்த்த கப்பல் அது ஒன்றுதான். அது எங்கேயும் போகாது.

"இதைவிடப் பெருசு" என்றேன்.

தண்ணீரில் இருந்த கோடு

துறைமுக வாசலில் காவலாளி தமிழர். அக்கா அவரிடம் கப்பலுக்கு வழி கேட்டாள்.

"நேத்து நாலு மணிக்கே வெளிய போயிருச்சும்மா. சாமான் கப்பல் ரெண்டு எடம் இல்லாம காத்துக்கிட்டு நின்னுச்சு. ஆள் ஏறி, முத்திரை குத்தியாச்சு. அப்புறம் அதுக்கு இங்க என்ன வேலை?"

"பேப்பர்ல இன்னிக்குன்னு போட்டிருந்துச்சே."

"பேப்பர்காரன் ஈப்போவுல ஒக்காந்துக்கிட்டு என்னத்தையாச்சும் போடுவான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காவலாளியைத்தான் முறைத்தாள். "என் தம்பியும் பேப்பர்லதான் இருக்கான். பாத்துப் பேசுங்க."

நான் கடலைப் பார்த்தபடி நின்றேன்.

சம்பான் படகுகள் கட்டியிருந்த படித்துறைக்கு ஓடினோம். அங்கே இபுராகிம் அண்ணன் என்று ஒரு படகுக்காரர். நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம், ஐம்பது வயதிருக்கும், தலையில் வெள்ளைத் தொப்பி. விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

"தா போலே லா தம்பி, முடியாது. நங்கூரம் போட்ட கப்பல் கிட்ட படகு போகக்கூடாது. போலீஸ் லாஞ்சு சுத்திக்கிட்டே இருக்கு. லைசன்ஸ் போயிரும்."

அக்கா ஏற்கெனவே சம்பானில் இறங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போங்கண்ணே."

"எறங்கு தங்கச்சி."

"மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "ஒங்க அக்காவா? தெரியுது." துப்பிவிட்டு மோட்டார் கயிற்றை இழுத்தார்.

கப்பல் நெருங்க நெருங்க உயர்ந்தது. வெள்ளைச் சுவர், அதில் துருவின் கோடுகள். மேல்தட்டுக் கம்பியோரம் ஆட்கள். எல்லாம் தலைகளாகவும் துண்டுகளாகவும் தெரிந்தன. தலைகளை எண்ணிவிடலாம், முகம் பிடிபடாது என்ற தூரத்தில் இபுராகிம் அண்ணன் மோட்டாரை நிறுத்தினார்.

"அவ்வளவுதான்."

"இன்னும் கொஞ்சம் போங்கண்ணே."

"இதுக்கு மேல கப்பலோட எடம்."

"தண்ணியில கோடா போட்டிருக்கு?"

"கோடு இருக்கு தங்கச்சி. ஒங்க கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அக்கா எழுந்து நின்றாள். படகு ஆடியது. நான் அவள் சேலையை இடுப்போடு பிடித்துக்கொண்டேன். அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"வாரேன்! ஆறு மாசத்துல வாரேன்! அட்ரஸ் எழுதுங்க!"

தோட்டத்தில் மலைக்கு அந்தப் பக்கம் வெட்டுபவரைக் கூப்பிடும் குரல் அது. மரங்களுக்கு நடுவே அரை மைல் போகும். கடலில் போகவில்லை. காற்று எங்கள் முகத்தில் அடித்தது.

மறுபடி கத்தினாள். மறுபடி. நானும் கத்தினேன். பிறகு இபுராகிம் அண்ணனும் எழுந்து, "வேலாயுதம் ஓய்!" என்று ஒரு சத்தம் போட்டார்.

கம்பியோரம் ஒருவர் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே வீசினார். நீலக் கோடு இருந்த மாதிரி இருந்தது.

"அவருதான்! தம்பி, பாத்துட்டாருடா! துண்டப் பாரு!"

நீலக் கோடு போட்ட துண்டைச் சைக்கிள் துணி வியாபாரி எல்லாத் தோட்டத்துக்கும் விற்றார். அதை நான் சொல்லவில்லை.

அக்கா தலைப்பை அவிழ்த்து வீசினாள். அந்த ஆள் துண்டை வீசினார். அப்படி எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கப்பல் மெல்ல அசைவதைக் கவனித்தேன். முன்பக்கம் அதே இடத்தில் நிற்க, பின்பக்கம் எங்களை விட்டு விலகியது.

"கெளம்புதா?" என்றாள் அக்கா.

"இல்ல. தண்ணி மாறுது" என்றார் இபுராகிம் அண்ணன். "ஏத்தம் முடிஞ்சு வத்தம் ஆரம்பிக்குது. நங்கூரத்துல நிக்கிற கப்பல் தண்ணியோட சேந்து சுத்தும்."

துண்டு வீசியவர் நின்ற பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எங்களிடமிருந்து மறைந்தது. கப்பல் பாதி திரும்பியபோது போலீஸ் லாஞ்சு வந்தது. ஒலிபெருக்கியில் மலாயில் ஏதோ சொன்னார்கள். இபுராகிம் அண்ணன் சலாம் போட்டுவிட்டுப் படகைத் திருப்பினார். நாங்கள் படித்துறைக்கு வந்தபோது சங்கிலி ஏறும் சத்தம் தண்ணீர் மேல் கேட்டது. கறுப்புக் குண்டு இறங்கியது.

அக்காவின் முகமெல்லாம் உப்புத் தண்ணீர். "கேட்டிருக்கும்ல?" என்றாள்.

"கேட்டிருக்கும்" என்றார் இபுராகிம் அண்ணன். அவர் எங்களிடம் கூலி வாங்கவில்லை.

வட்டம்

அந்த வாரமே கப்பல் செய்தியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். வேலை அதிகம் என்றேன். பத்து காஜா வாசகருக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

சில மாதம் கழித்து ஒரு விடுமுறையில் பினாங்குத் துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். கப்பல்கள் எங்கே நங்கூரமிடலாம் என்ற விதிகளைக் கேட்டேன். கட்டுரைக்கா என்றார்கள். ஆமாம் என்றேன். அந்தக் கட்டுரையை நான் எழுதவே இல்லை. ஆனால் விதிகள் மனப்பாடம்.

ஃபெரி போகும் பாதையில் நிற்கக்கூடாது. கடலடியில் மின்கம்பியும் குழாயும் போகும் இடத்தில் நங்கூரம் போடக்கூடாது. வெடிமருந்துக் கப்பலுக்குத் தனி இடம். நோய் இருக்கிற கப்பலுக்கு மஞ்சள் கொடியோடு தனி இடம். பகலில் நங்கூரத்தில் நிற்பதற்கு அடையாளம் கறுப்புக் குண்டு, இரவில் வெள்ளை விளக்கு.

வரைபடத்தில் நங்கூரமிடும் ஒவ்வோர் இடமும் ஒரு வட்டமாக இருந்தது. எனக்கு விளக்கியவர், பெரிய கண்ணாடி போட்ட மலாய்க்காரர், பென்சிலால் அந்த வட்டத்தைச் சுற்றிக் காட்டினார். நங்கூரம் ஒரு புள்ளிதான், ஆனால் நீரோட்டம் மாறும்போது கப்பல் சங்கிலியின் நீளத்துக்குச் சுழலும். அந்த வட்டம் முழுவதும் காலியாக இருக்க வேண்டும். அதனால்தான் யாரையும் உள்ளே விடுவதில்லை என்றார். ஒரு பக்கம் பார்த்து நின்ற கப்பல், தண்ணீர் மாறிய பின் மறுபக்கம் பார்த்து நிற்கும்.

இபுராகிம் அண்ணன் சொன்ன கோடு இதுதான்.

நான் வரி வெட்டியதை அக்காவிடம் இதுவரை சொன்னதில்லை. அவள் இந்த இதழை வாரம் தவறாமல் வாங்குகிறாள்.

நீலக் காகிதம்

மாமாவின் கடிதம் மூன்றாவது மாதம் வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனபோது, அக்கா தகரப்பெட்டியிலிருந்து நீல ஏரோகிராமை எடுத்துக் கொடுத்தாள். பிரிக்காமல் இருந்தது.

"வந்து ரெண்டு நாளாச்சு. நீ வருவேன்னு வச்சிருக்கேன்."

"நீயே படிக்கலாம்ல?"

"நீ படிச்சா அவரு பேசுற மாதிரி இருக்கும்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்து கீரையை ஆய ஆரம்பித்தாள். நான் பிரித்துச் சத்தமாகப் படித்தேன்.

கப்பலில் ஏழு நாள் வாந்தி. ஊரில் வெயில். அம்மாவுக்குக் கண் தெரியவில்லை, கையால் தடவித்தான் மகனைக் கண்டுபிடித்தாள். இங்கே என்னை மலாயாக்காரன் என்கிறார்கள். காப்பி வாயில் வைக்க முடியவில்லை. மரம் ஒன்றுகூட வரிசையாக நிற்கவில்லை. அக்கா இங்கே சிரித்தாள். பிறகு முகவரி. பிறகு கடைசி வரிகள்.

கடைசி வரிகளை என் கண் முதலில் படித்துவிட்டது. சத்தத்துக்கு முன்னால் ஓடிப் பழகிய கண்.

"கப்பல் கிளம்பும்வரை ஃபெரி வருகிற பக்கமாகவே நின்றேன். எத்தனையோ ஃபெரி வந்தது. அந்தப் பக்கம் படகில் யாரோ ஒருத்தி கத்தினாள் என்று சொன்னார்கள். நான் இந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. நீ வரவில்லை. உன் மனது தெரிந்துவிட்டது. அம்மா ஒரு இடம் பார்த்திருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன்."

ஃபெரிப் பக்கம் என்பது பட்டர்வொர்த் இருக்கும் அக்கரைப் பக்கம். நாங்கள் தீவின் பக்கம் மிதந்துகொண்டிருந்தோம். அந்தக் கப்பல் முழுதாகத் திரும்பியிருந்தால், அவர் நின்ற கம்பி எங்களுக்கு நேராக வந்திருக்கும்.

நான் முகவரியோடு நிறுத்தினேன்.

அக்கா கீரையைப் பார்த்தபடி கேட்டாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"துண்டு வீசினதப் பத்தி ஒண்ணும் எழுதலையா?"

"இல்ல."

"மறந்திருப்பாரு." கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "குடு."

கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பதில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அப்புறம் எழுதலாம் என்றாள். அடுத்த ஞாயிறும் அப்படியே சொன்னாள். பிறகு நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கும் வசதியாக இருந்தது. உண்மையை நானே ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பாஸ்போர்ட் பேச்சை அவள் எடுக்கவில்லை.

தகரப்பெட்டி

எண்பதுகளில் தோட்டம் கை மாறியது. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அக்காவை நான் ஜெலாப்பாங்குக்கு அழைத்து வந்தேன். தொழிற்பேட்டையில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காலையில் வரிசையில் நிற்கும் பெரட்டு இல்லை, ஆள் எண்ண மண்டோர் இல்லை, பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது என்று முதல் வாரம் அதிசயப்பட்டாள். பினாங்குக்கும் மதராஸுக்கும் இடையே அந்தக் கப்பல் ஓடுவதும் அதற்குள் நின்றுபோயிருந்தது.

சாமான்களை இறக்கிய சனிக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளுக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே கப்பல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"படகுக்காரரு முடியாதுன்னுட்டாரு. நான் விடல லா. எந்திரிச்சு நின்னு கத்துனேன் பாரு, அவரு துண்ட எடுத்து வீசினாரு, தலைக்கு மேல. கப்பலு திரும்புற வரைக்கும் வீசினாரு."

"கேட்டுச்சா அவருக்கு?"

"கேக்காம? என் சத்தம் எங்க தோட்டத்துக்கே தெரியும்."

நான் முன்னறையில் தகரப்பெட்டியை நகர்த்தினேன். பூட்டு துருப்பிடித்திருந்தது, மூடி தானாகத் திறந்துகொண்டது. மேலே சேலைகள், அடியில் நீல ஏரோகிராம்.

அதை எடுத்துப் பிரித்தேன். கடைசி வரிகள் அங்கேயே இருந்தன. மை கொஞ்சம் வெளுத்திருந்தது.

மடித்து வைக்கும்போது, ஒட்டும் ஓரத்தைப் பார்த்தேன். அன்று வாசற்படியில் நான் அவசரமாகக் கிழித்த ஓரம். தபால் பசை இருந்த கோட்டின் மேல், காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று, என் கிழிசலில் பாதியாகப் பிய்ந்து, தட்டையாக ஒட்டியிருந்தது.